சங்குகுளிக்காரரின் மேல்தாடை

தண்ணிக்குள் கழன்ற செட்

பல் செட்டை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார் இன்னாசி. பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே வந்தவர் சேரில் உட்காரவில்லை. நேராகப் போய் கவரை டாக்டர் மேஜையில் வைத்தார்.

"இது எனக்கு வேண்டாம் டாக்டரம்மா. இது என்னைக் கொல்லப் பாத்துட்டு."

செட் உறுத்துகிறது, லூசாக இருக்கிறது, பேசினால் விசில் வருகிறது என்றெல்லாம் தினமும் கேட்கிறவர்கள் நாங்கள். கொல்லப் பார்த்தது என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஜெபராணி. சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் உள்ள இந்த கிளினிக்கில் டெண்டல் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, இங்கேயே சீனியரும் ஆகிவிட்டேன். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் சைனஸ் லிஃப்ட் கேஸ் என்றாலே முகம் மாறிப் போகிறார்கள். அவர்கள் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் சுந்தரி எங்கள் சர்ஜன். உடன்குடிக்காரர். வீட்டில் எல்லோரும் கருப்பட்டி வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் தாடை அறுவை சிகிச்சை படித்துவிட்டு வந்தவர். வயதில் என்னைவிடச் சின்னவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"உக்காருங்க அண்ணாச்சி. என்ன நடந்துது, மொதல்ல இருந்து சொல்லுங்க" என்றார் டாக்டர்.

இன்னாசிக்கு ஊர் திரேஸ்புரம். கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பது, அதாவது சங்கு குளிப்பது, தொழில். படகில் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து வரும் நீளமான ஹோஸின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் இவர்கள் கீழே இறங்குகிறார்கள். மூச்சு முழுக்க அந்த ஹோஸில்தான் வருகிறது. இவருக்கு மேல்தாடையில் வலது பக்கக் கடைவாய்ப் பற்கள் சொத்தையாகி, எடுத்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வேறு எங்கேயோ ஒரு கழற்றி மாட்டும் செட் கட்டியிருந்தார். அன்றைக்கு அடியில் சங்கு தேடிக்கொண்டிருந்தபோது செட் கழன்றுவிட்டது.

"கழண்டது கழண்டு வெளிய விழுந்திருந்தாப் பரவால்ல. தொண்டைப் பக்கம் போயிட்டு. ஹோஸ விட்டாக் காத்து இல்ல. விடலன்னா செட்ட எடுக்க முடியாது. ரெண்டுல ஒண்ணத்தான் செய்யணும்."

"என்ன செஞ்சீங்க?"

"ஹோஸத் துப்பிட்டேன். வாய்க்குள்ள வெரல விட்டுச் செட்ட எடுத்தேன். எடுத்து, இடுப்புல கட்டியிருந்த வலைப்பையில சங்கோட சங்கா போட்டுட்டு, அப்புறம் ஹோஸத் தேடிப் புடிச்சேன்."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி செலின், "அந்த நேரத்துலயும் செட்டத் தூரப் போடாம எடுத்துட்டு வந்திருக்காவ பாருங்க அக்கா" என்று என்னிடம் சொன்னார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம் அவருக்கு.

"அசையாத பல்லு வேணும் டாக்டரம்மா. அது ஒண்ணு போதும்" என்றார் இன்னாசி.

எலும்புக்கு மேல் ஒரு அறை

அசையாத பல் என்றால் இம்ப்ளான்ட். தாடை எலும்பில் டைட்டானியம் ஸ்க்ரூ ஒன்றைப் பதித்து, அதன் மேல் பல் வைப்பது. ஸ்க்ரூ நிற்பதற்கு எலும்பு வேண்டும். சிபிசிடி என்கிற தாடை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது இன்னாசிக்கு அந்த இடத்தில் எலும்பு பெயருக்குத்தான் இருந்தது.

காரணம் எளிது. மேல்தாடைக் கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்து எலும்புக்குள் ஒரு காலி அறை இருக்கிறது. காற்று மட்டும் நிறைந்த அறை. அதுதான் சைனஸ். பல்லை எடுத்துவிட்டு வருஷக்கணக்கில் அப்படியே விட்டால் எலும்பு கீழிருந்து தேயும், அறை மேலிருந்து இறங்கும். இரண்டுக்கும் நடுவில் மிச்சம் இருப்பது மெல்லிய தகடுதான். அப்போது அந்த அறையின் தரையை உயர்த்தி, கிடைத்த இடைவெளியில் எலும்புத் துகளை நிரப்பி, அது கெட்டியாகி நம் எலும்போடு சேரும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சைனஸ் லிஃப்ட் என்பது இவ்வளவுதான்.

சொல்வதற்கு இவ்வளவுதான். அறையின் உள்பக்கம் ஒரு சவ்வு ஒட்டியிருக்கிறது. முட்டை ஓட்டை உரித்தால் உள்ளே ஒரு தோல் வருமே, ஏறக்குறைய அந்தத் தடிமன். பக்கவாட்டு எலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி, அது வழியாகக் கருவியை விட்டு, அந்தத் தோலைக் கிழியாமல் மேலே தூக்க வேண்டும்.

டாக்டர் இதையெல்லாம் ஸ்கேன் படத்தில் காட்டி இன்னாசிக்கு விளக்கினார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்.

"சளி புடிச்சிருக்கப்போ கீழ போயிருக்கீங்களா?"

"போவாம? இந்தக் கண்ணுக்குக் கீழ ஆணி அடிச்ச மாதிரி இருக்கும். சில நேரம் மேல வந்து மாஸ்க்கக் கழட்டுனா ரத்தமா இருக்கும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கடலுக்கடியில் தண்ணீரின் அழுத்தம் கூடும்போது, சளி அடைத்த அறைக்குள் அந்த அழுத்தம் சமமாகாது. உள்ளே இருக்கும் சவ்வுதான் அந்த அடியை வாங்கும். பல தடவை ரத்தம் கட்டி ஆறிய சவ்வு வழுவழுப்பாக இருக்காது. தழும்பேறி எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அனுப்பி, மருந்து கொடுத்து, அறை சுத்தமாக இருக்கிறது என்று அவர் சொன்ன பிறகுதான் சுந்தரி டாக்டர் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஆபரேஷன் பண்ணுனதுல இருந்து நான் சொல்லுத வரைக்கும் தண்ணிக்குள்ள இறங்கக் கூடாது. ஒரு பாகம், ஆறடி ஆழம்கூடக் கூடாது. முடியுமா?"

இன்னாசி உடனே தலையாட்டவில்லை. அந்தப் படகில் சங்கு குளிக்கிறவர்களுக்கு அவர்தான் மூத்தவர். எங்கே இறங்கலாம், எப்போது ஏற வேண்டும் என்பதை அவரைக் கேட்டுத்தான் செய்வார்கள். யோசித்துவிட்டுக் கேட்டார்.

"படகுல இருக்கலாம்லா? கம்ப்ரஸரு பக்கத்துல உக்காந்து ஹோஸப் பாத்துக்கிடுதேன். கீழ போவல."

"படகுல இருங்க. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல."

செலின் நம்பவில்லை. "இவிய கடலப் பாத்துட்டுச் சும்மா உக்காந்திருப்பாவளாக்கும்" என்று வெளியே போகும்போது என் காதில் சொன்னார்.

கை நிறுத்திய இடம்

ஆபரேஷன் அன்று காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மரத்துப்போகும் ஊசி மட்டும்தான், ஆள் முழுக்க விழித்திருப்பார். இன்னாசி பச்சைத் துணிக்கடியில் அசையாமல் படுத்திருந்தார். அவர் மூச்சைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். அவ்வளவு மெதுவாக மூச்சு விடும் நோயாளியை நான் பார்த்ததில்லை.

ஈறைத் திறந்து, டைமண்ட் பர் என்கிற சுழலும் முனையை வைத்து எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக டாக்டர் தேய்த்தார். சலைன் தண்ணீர் பீய்ச்சுவதும் சக்ஷன் பிடிப்பதும் என் வேலை. எலும்பு மெலிய மெலிய உள்ளே சாம்பலும் நீலமுமாக ஒரு நிறம் தெரியும். அதுதான் சவ்வு. அது தெரிந்ததும் அசிஸ்டென்ட் சக்ஷன் முனையை விலக்கிப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் கொண்டுபோனால் சக்ஷனே அதை இழுத்துக் கிழித்துவிடும். புதிதாக வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஜன்னல் திறந்தது. சவ்வு மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. கிழியாத சவ்வு அப்படித்தான் அசையும். டாக்டர் க்யூரெட் என்கிற வளைந்த கருவியை உள்ளே விட்டு ஓரத்திலிருந்து பிரிக்கத் தொடங்கினார். முன்பக்கம் நன்றாக வந்தது. அடிப்பக்கமும் வந்தது. பின்பக்கம் போகும்போது அறைக்குக் குறுக்கே ஒரு சின்ன எலும்புத் தடுப்பு இருந்தது. செப்டம் என்பார்கள். ஸ்கேனில் பார்த்ததுதான். ஆனால் அந்தத் தடுப்பின் மேல் சவ்வு பசை போட்ட மாதிரி ஒட்டியிருந்தது.

டாக்டர் கையை மிக மெதுவாக நகர்த்தினார். இன்னாசி ஒரு மூச்சை வெளியே விட்டார். ரத்தத்துக்கு நடுவே ஒரு குமிழி வந்து உடைந்தது. அடுத்த மூச்சுக்கு இன்னொரு குமிழி. சவ்வு ஏறி இறங்குவது நின்றுவிட்டது.

எதிர்ப்பக்கம் நின்ற டாக்டர் அருள் அதைப் பார்த்துவிட்டார். அவர் எங்கள் கிளினிக்கில் சேர்ந்து சில மாதங்களே ஆன இளம் டாக்டர். நன்றாகப் படித்தவர், கையும் நல்ல கை.

"சவ்வு டேர் ஆயிட்டு மேடம். கொலாஜன் பேட்ச் போட்டுக் கன்டின்யூ பண்ணிரலாமா? கிராஃப்ட் எலும்பு எல்லாம் ரெடியா இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. சின்னக் கிழிசல் என்றால் கொலாஜன் துண்டை வைத்து மூடிவிட்டுத் தொடர்வது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். எங்களிடமும் நடந்திருக்கிறது.

டாக்டர் பெரிதாக்கிக் காட்டும் லூப்ஸ் கண்ணாடி வழியாக இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "கிழிசலோட எட்ஜ் நிக்கல அருள். மூச்சுக்கு மூச்சு வளருது" என்றார். பிறகு க்யூரெட்டை ட்ரேயில் வைத்தார். "இவர் திரும்பவும் கடலுக்கடியில போற ஆளு. பேட்ச் போட்ட தரையில இவரை நான் நிக்க வைக்க மாட்டேன். க்ளோஸ் பண்ணுதேன்."

அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான் நான் மறக்கவே இல்லை. பல சர்ஜன்கள் தையலெல்லாம் போட்டு, ஆளை எழுப்பி உட்கார வைத்து, மாத்திரைச் சீட்டு எழுதும்போதுதான் இப்படிப்பட்ட விஷயத்தைப் பாதி ஆங்கிலத்தில் சொல்வார்கள். இவர் இன்னாசியின் கண்ணை மூடியிருந்த துணியை விலக்கினார். நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, உள்ள அந்தச் சவ்வு கிழிஞ்சிட்டு. நான் பிரிக்கும்போதுதான் கிழிஞ்சுது. இன்னைக்கு எலும்பு வைக்கல. தச்சு மூடிருதேன். சில மாசம் ஆறட்டும். திரும்ப ஒருக்கா பண்ணணும்."

கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர் வாய்க்குள் இருந்ததால் இன்னாசியால் பேச முடியவில்லை. வலது கையைத் துணிக்கு வெளியே எடுத்து, ஏதோ கயிற்றை இழுப்பது போலக் காற்றில் இரண்டு தடவை இழுத்துக் காட்டினார். எங்கள் யாருக்கும் அது புரியவில்லை.

தையல் முடிந்து வாயைக் கொப்பளித்த பிறகு அவரே சொன்னார். "கீழ இருந்து ஹோஸ ரெண்டு மட்டம் இழுத்தா, மேல ஏத்துன்னு அர்த்தம். ஒரு பிரச்சனைன்னா ஏறிரணும் டாக்டரம்மா. சங்கு எங்க போவப் போவுது? அங்கனயேதான் கெடக்கும்."

பாதி முகம் மரத்துப்போயிருந்ததால் வார்த்தை குழறியது. ஆனாலும் டாக்டருக்குப் புரிந்தது. "சரி அண்ணாச்சி" என்றார். அன்று மதியம் ஸ்டெரிலைசேஷன் ரூமில் ஸ்டூலைப் போட்டு ஆட்டோக்ளேவ் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த டீ ஆறிப்போனது.

"பேட்ச் போட்டிருக்கலாமோ அக்கா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் டாக்டர். ஆனா நீங்க நிறுத்துனப்போ எனக்கு உயிர் வந்துது" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

முட்டைக் காலம்

அடுத்த சில மாதங்கள் எங்கள் கிளினிக்கில் முட்டைக்குப் பஞ்சமே இல்லை.

சைனஸ் லிஃப்ட் படிக்கிறவர்கள் முதலில் பச்சை முட்டையில்தான் பழகுவார்கள். உள்தோல் கிழியாமல் மேலோட்டை மட்டும் தேய்த்து ஜன்னல் எடுக்க வேண்டும். படிக்கும் காலத்தில் செய்வது அது. சுந்தரி டாக்டர் எத்தனையோ சைனஸ் லிஃப்ட் முடித்தவர். அவர் வெளியூர்களுக்குப் போய் மற்ற டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர். அவர் முட்டைத் தட்டை வாங்கி வரச் சொன்னபோது ரிசப்ஷன் பெண் சமையலுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் பேஷன்ட் இல்லாத நேரத்தில் உட்கார்ந்துவிடுவார். கடை முட்டை, நாட்டுக்கோழி முட்டை, வாத்து முட்டை என்று மாற்றி மாற்றி எடுப்பார். ஒரே முட்டையில் இரண்டு சின்ன ஜன்னல் வெட்டுவார். நடுவில் ஒரு கீற்று ஓடு மட்டும் விட்டுவிட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் தோலைப் பிரித்து நடுவில் கொண்டுவந்து சேர்ப்பார். இன்னாசியின் செப்டத்துக்கான ஒத்திகை அது. கிழிந்தால் முகத்தைச் சுளிக்க மாட்டார். அடுத்ததை எடுப்பார். டாக்டர் அருளும் பக்கத்தில் உட்கார்ந்து பழகத் தொடங்கினார். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். கிழிகிற முட்டையெல்லாம் ஸ்டாஃபுக்கு ஆம்லெட் ஆனது. ஒரு கட்டத்தில் முட்டை வாடையே வேண்டாம் என்று ஆகிவிட்டது எங்களுக்கு.

புது ஸ்கேன் எடுத்து, செப்டத்தின் இரண்டு பக்கமும் ஜன்னலுக்கு அளவு குறித்துக்கொண்டார். டிரில்லுக்குப் பதிலாக பீசோ மெஷின் போதும் என்று முடிவு செய்தார். அது அதிர்வால் எலும்பை மட்டும் அறுக்கும். மெதுவான வேலை, ஆனால் மெல்லிய தோலை அவ்வளவு சீக்கிரம் சேதப்படுத்தாது.

இன்னாசி சொன்ன தேதிக்கு வந்தார். இந்தத் தடவை வைக்கப்போகும் எலும்புத் துகள் மாட்டு எலும்பிலிருந்து சுத்திகரித்து எடுத்தது என்று டாக்டர் விளக்கி, அதில் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

"மாட்டெலும்பா? ஞாயித்துக்கிழம குழம்புல போடுததுதான டாக்டரம்மா. வாய்க்கு மேல வச்சா என்ன, உள்ள வச்சா என்ன" என்றார் இன்னாசி. எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனோம்.

முதல் ஜன்னல் திறந்தது. இரண்டாவது திறந்தது. பழைய கிழிசல் ஆறியிருந்தது. டாக்டர் முன்னாலிருந்து கொஞ்சம், பின்னாலிருந்து கொஞ்சம் என்று பிரித்துக்கொண்டே வந்தார். செப்டத்தின் உச்சியில் கடைசி ஒட்டுதலையும் பிரித்தார். சவ்வு தளர்ந்து மேலே போனது. குமிழி வரவில்லை.

"அண்ணாச்சி, மூக்கு வழியா நல்லா மூச்சு இழுத்து விடுங்க."

அவர் இழுத்தார். சவ்வு முழுசாக, ஒரே விரிப்பாக மேலே போனது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. கடலுக்கடியில் அவர் மூச்சு விடுவது எப்படி இருக்கும் என்பதை நான் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டாக்டர் அருள் "ப்யூட்டிஃபுல்" என்றார். சுந்தரி டாக்டருக்கு மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

இன்னாசியின் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை மெஷினில் சுற்றி, அதில் உறையும் மஞ்சள் ஜெல்லோடு எலும்புத் துகளைக் குழைத்துக் கொடுத்தேன். டாக்டர் அதை நிரப்பி ஜன்னலை மூடித் தையல் போட்டார்.

மூக்கைச் சிந்தக் கூடாது, இளநீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்ம வேண்டும் என்று எல்லா நோயாளிகளுக்கும் சொல்வதை இவருக்கும் சொன்னோம். தையல் பிரிக்க வந்தபோது செலின் புகார் வாசித்தார். "கோயில்ல பூசை நேரத்துல வாய ஆன்னு பொளந்துட்டுத் தும்முதாவ. சாமியாரே திரும்பிப் பாக்காரு. கேட்டா டாக்டரம்மா சொல்லிருக்காவன்னு சொல்லுதாவ."

கம்ப்ரஸர் நின்ற நாள்

எலும்பு கெட்டியாகிக்கொண்டிருந்த காலம் அது. இம்ப்ளான்ட் வைக்க இன்னும் நாள் இருந்தது. ஒரு காலையில் செலின் இன்னாசியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அப்பாயின்ட்மென்ட் இல்லை. இன்னாசி தலையைக் குனிந்திருந்தார்.

"சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க" என்றார் செலின்.

"வாக்குத் தவறிட்டேன் டாக்டரம்மா. கீழ போயிட்டேன்."

கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வந்தது. இரண்டு நாளைக்கு முன்னால் படகில் இவர் கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பெல்ட் அறுந்து கம்ப்ரஸர் நின்றுவிட்டது. காற்று நின்றதும் கீழே இருந்தவர்கள் ஹோஸைத் துப்பிவிட்டு ஒவ்வொருவராக மேலே வந்துவிட்டார்கள். செலினின் தம்பி ரூபன் மட்டும் வரவில்லை. அவனுடைய ஹோஸை இழுத்தால் இறுகிக்கொண்டு நின்றது. பாறையில் சிக்கியிருக்கிறது. மேலே வந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்கள். திரும்ப இறங்கும் நிலையில் யாரும் இல்லை.

"மாஸ்க் கூட மாட்டல. அப்படியே குதிச்சிட்டேன். அவன் இடுப்புலயும் கால்லயும் ஹோஸ் சுத்திக் கெடந்துது. அறுத்துவிட்டு, முடியப் புடிச்சு மேல கொண்டாந்தேன். ஏறும்போது இந்தக் கண்ணுக்குக் கீழ சுருக்குன்னுது. மூக்குல கொஞ்சம் ரத்தம் வந்துது. இந்தா இவட்ட சொல்லல. தலையணையில ரத்தத்தப் பாத்துட்டு இவதான் இழுத்துட்டு வந்தா."

டாக்டர் அவர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. ஸ்கேனைப் பற்றியும் பேசவில்லை.

"ரூபன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"ஆஸ்பத்திரியில வச்சிருந்தாவ. நேத்து வீட்டுக்கு வந்துட்டான். கஞ்சி குடிக்கான்."

செலின் அப்போதுதான் அழுதார். அதுவரை புருஷன் மேல் கோபமாக இருந்தவர், தம்பி பெயரைக் கேட்டதும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

"நீங்க சொன்னத மீறிட்டேன் டாக்டரம்மா. எல்லாம் வீணாப் போயிட்டுன்னா சொல்லிருங்க" என்றார் இன்னாசி.

"சங்குக்குப் போகாதீங்கன்னுதான் சொன்னேன் அண்ணாச்சி. ஆளத் தூக்கப் போகாதீங்கன்னு எப்பச் சொன்னேன்?" என்றார் டாக்டர்.

ஸ்கேன் எடுத்தோம். கம்ப்யூட்டரில் படம் ஏறும்வரை நானும் டாக்டர் அருளும் டாக்டரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். எலும்புத் துகள் சிதறி அறைக்குள் விழுந்திருந்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அப்படி ஆகியிருந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னொரு தடவை அந்தச் சவ்வு தாங்குமா என்பதே சந்தேகம்.

படம் வந்தது. டாக்டர் மௌஸை உருட்டி ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தார். செப்டத்துக்கு முன்னால், செப்டத்துக்கு மேல், பின்னால். வைத்த எலும்பு வெள்ளையாக, மேல்பக்கம் ஒரே வளைவாக, வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதற்கு மேலே அறைக்குள் கொஞ்சம் நீர் கோத்திருந்தது, அவ்வளவுதான்.

"நிக்குது" என்றார் டாக்டர். திரும்பி எங்களைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னார். "நிக்குது அக்கா."

நீர் வற்ற மருந்து கொடுத்து, காது மூக்கு டாக்டரையும் பார்க்கச் சொல்லி அனுப்பினோம். அவர்கள் போன பிறகு டாக்டர் அருள்தான் கேட்டார்.

"அன்னைக்கு நான் சொன்ன மாதிரி பேட்ச் போட்டிருந்தா இது நின்னிருக்குமா மேடம்?"

"தெரியாது அருள். நின்னாலும் நின்னிருக்கும். தெரியாததாலதான் நிறுத்துனேன்" என்றார் டாக்டர்.

என் பணிக்காலத்தில் நான் கேட்ட நேர்மையான பதில்களில் அது ஒன்று. தான் செய்ததுதான் சரி என்று நிரூபணமாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அன்று எல்லா வாய்ப்பும் இருந்தது. சொல்லவில்லை.

கடித்துப் பார்த்தது

மற்றதெல்லாம் வழக்கமான வேலைதான். உரிய காலத்தில் இரண்டு இம்ப்ளான்ட் வைத்தார் டாக்டர். ரென்ச்சைத் திருகும்போது இரண்டும் எலும்பில் இறுகி நின்றன. அவையும் எலும்போடு சேர்ந்த பிறகு அளவெடுத்து லேபுக்கு அனுப்பி, பல் வந்தது. மாட்டிய அன்று கடி பதியும் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டார்.

கடலுக்குப் போக அனுமதியும் ஒரேயடியாகக் கொடுக்கவில்லை. காது மூக்கு டாக்டரிடம் பேசிவிட்டு, முதலில் கழுத்தளவுத் தண்ணீர், பிறகு கொஞ்சம் ஆழம், பிறகு இன்னும் கொஞ்சம் என்று சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் இன்னாசி வந்து சொல்லிவிட்டுப் போவார். சளி பிடித்தால் படகில்தான் இருப்பேன் என்று அவராகவே சொன்னார்.

பழைய ஆழத்துக்கு அவர் முதல் முறையாகப் போன அன்று, ஆத்தூரிலிருந்து வந்த ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்காரருக்கு நாங்கள் பல்லில் கறை எடுத்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. டாக்டர் கையில் கிளவுஸ் இருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். படகு எஞ்சின் சத்தத்துக்கு நடுவே இன்னாசியின் குரல் கேட்டது.

"போயிட்டு ஏறிட்டேன் டாக்டரம்மா."

"கண்ணுக்குக் கீழ எப்படி இருந்துது?"

"ஒண்ணும் தெரியல."

"ஹோஸக் கடிக்கும்போது? பல்லு எப்படி இருக்கு?"

கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் யோசித்திருக்க வேண்டும்.

"பல்லா? அது இருக்கதே தெரியல டாக்டரம்மா. நீங்க கேட்டப்பத்தான் ஞாபகம் வந்துது."

டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். சேரில் வாயைத் திறந்தபடி கிடந்த ஆத்தூர்க்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் போனை வைக்கச் சொல்லி எனக்குத் தலையசைத்துவிட்டு, மறுபடி அவர் பக்கம் குனிந்தார்.

இந்த வேலைக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். நல்ல சர்ஜனை அவர் தொடரும் இடத்தில் பார்க்காதீர்கள். நிறுத்தும் இடத்தில் பாருங்கள். இன்னொன்று, நோயாளி நம்மைப் புகழ்ந்து பேசும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். நாம் மாதக்கணக்கில் பாடுபட்டு வைத்த ஒன்றை அவர் மறந்தே போகிறார் என்றால், வேலை நன்றாக முடிந்திருக்கிறது.